பக்கெட்டில் நட்ட ஆமணக்கு

நியூயார்க்கில் பிப்ரவரி செடி நடுகிற மாதம் இல்லை. மண் கல்லாய் இறுகிக் கிடக்கும். 2024 பிப்ரவரி 14, புதன்கிழமை. முந்தின நாள் கொட்டிய பனியை வாசலில் வாரிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கார ஆன்ட்டி கூப்பிட்டார். பேஸ்மென்ட்டில் ஒரு பக்கெட் இருக்கிறதாம், கனமாம், காரில் ஏற்றித் தர முடியுமா என்றார். போய்ப் பார்த்தால் பாய்லருக்குப் பக்கத்தில், ஒரு டியூப்லைட்டுக்குக் கீழே, பழைய பெயின்ட் பக்கெட்டில் மண் நிரப்பி ஒரு செடி. இடுப்பு உயரம். விரல் விரித்த கை மாதிரி இலை, சிவப்போடிய தண்டு.

"என்ன செடின்னு தெரியுதா, பேட்டா?"

தெரியாமலா? ஆமணக்கு. எங்கள் ஊரில் கொட்டமுத்துச் செடி என்போம். வாய்க்கால் கரையில் யாரும் வைக்காமலே முளைத்து நிற்கும், ஒருவரும் சீந்த மாட்டார்கள். அதை ஒருவர் பாய்லர் சூட்டில் விளக்குப் போட்டு, பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்வார் என்று நான் நினைத்ததே இல்லை.

"ஹோலிகாவுக்கு" என்றார் ஆன்ட்டி. "இன்னைக்கு வசந்த பஞ்சமி. கோயில்ல நடணும். நாப்பது நாள் கழிச்சு எரிப்போம்."

தூக்கிய பக்கெட்டை மறுபடி தரையில் வைத்துவிட்டேன். ஆமணக்கை நட்டுப் பௌர்ணமியில் எரிப்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அது மன்னார்குடிப் பக்கம், வேறு பெயரில், வேறு கதையோடு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த இடம். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ரிச்மண்ட் ஹில். ஏ ரயிலின் ஒரு கிளை லெஃபர்ட்ஸ் புலவார்டில் வந்து முடியும். மேம்பாலத்து நிலையத்திலிருந்து படியிறங்கினால் லிபர்ட்டி அவென்யூ. தென் அமெரிக்காவின் வடகரையில் இருக்கிற கயானாவிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர் நிறைந்த இடம். அந்த முனைக்கு 2021-இல் 'லிட்டில் கயானா அவென்யூ' என்று பெயர்ப்பலகையும் வைத்தாயிற்று. புடவைக் கடை, நகைக் கடை, ரொட்டிக் கடை, பூஜைச் சாமான் கடை. கடைக்குள் ஓடுவது பழைய இந்திப் பாட்டு, பேச்சு கரீபியன் ஆங்கிலம். வீட்டு வாசல்களில் மூங்கில் கழிகளில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடிகள். வந்த புதிதில் ஏதோ தேர்தல் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஜண்டி என்கிறார்கள். வீட்டில் பூஜை நடந்தால் அந்தந்த சாமிக்குரிய நிறத்தில் ஒரு கொடி ஏறும். சிவப்பு என்றால் அனுமார்.

நாங்கள் அங்கே குடிபோனதற்குக் காரணம் வாடகைதான், வேறொன்றுமில்லை. வீடு மாறுவதைச் சொன்னபோது ஒரு நண்பர், "அங்கேயா? பார்க்க நம்ம ஆளுங்க மாதிரி இருப்பாங்க, ஆனா நம்ம ஆளுங்க இல்லையே" என்றார். இந்தப் பேச்சைப் பல வாயிலிருந்து கேட்டுவிட்டேன். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு வாராவாரம் போய், கீழே கேன்டீனில் தோசையும் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள், சில மைல் தள்ளி இத்தனை கோயில்கள் இருப்பதை எட்டிப் பார்த்ததில்லை. யோக்கியன் மாதிரி எழுதுகிறேனே, நானும் அப்படித்தான் இருந்தேன், பழைய வீட்டில் வாடகையை ஏற்றும் வரைக்கும்.

முதல் நாள் பேச்சு வளர்க்கிற எண்ணத்தில் ஆன்ட்டியிடம், "உங்களுக்கு இந்தி தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. உனக்கு?"

"எனக்கும் தெரியாது."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சிரித்தோம். எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் பக்கம் என்றேன். அவர் பதில் சொல்லாமல் ஜன்னலோரம் இருந்த தொட்டியிலிருந்து ஒரு இணுக்குக் கிள்ளி என் கையில் வைத்தார். கறிவேப்பிலை. "கரப்புலே" என்றார். கயானாவில் அதற்கு அதுதான் பெயர். நூற்றைம்பது வருஷம் உப்புக்காற்றில் கிடந்து தேய்ந்த நம் கறிவேப்பிலை. "என் அம்மா வழி மட்ராஸி. அப்பா வழி பீகார்" என்றார்.

கயானாவுக்கு முதல் இரண்டு கப்பல்கள், விட்பியும் ஹெஸ்பெரஸும், 1838 மே 5 அன்று போய்ச் சேர்ந்தன. கறுப்பின அடிமைகளுக்கு விடுதலை வரப்போகிறது, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு போனார்கள். 1917-இல் நிறுத்தும் வரை போனவர்கள் சுமார் 2,39,000 பேர். பெரும்பாலோர் போஜ்புரியும் அவதியும் பேசிய பீகார், உத்தரப் பிரதேசக் கிராமத்து ஜனங்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள் அதில் சிறு பங்குதான். பேச்சு போய்விட்டது, பெயர் போகவில்லை. வெஸ்ட் இண்டீஸ் அணியில் வீராசாமி பெர்மால் என்று ஒரு இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஆடினாரே, அவர் கயானாவின் பெர்பீஸ்காரர். பெர்மால் வேறு யாருமில்லை, பெருமாள்தான். 2015 முதல் 2020 வரை அங்கே பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. அவர்களுடைய காளிமாய் கோயில்களில் இன்றும் கரகம் உண்டு, வேப்பிலை உண்டு, அடிக்கிற பறைக்கு 'தப்பு' என்றே பெயர்.

ஆனால் ஹோலி அம்மா வழி வந்ததல்ல, அப்பா வழி. கயானாவில் ஹோலி என்றுகூட யாரும் சொல்வதில்லை. பக்வா. பாகுன் மாதத்தில் வருவதால் பக்வா. பாகுன் என்பது பால்குனம், நம்முடைய பங்குனி. உத்தர பால்குனி நட்சத்திரத்தை ஒட்டிப் பௌர்ணமி வருகிற மாதம் பால்குனம். அந்த நட்சத்திரத்தைத்தான் நாம் உத்திரம் என்கிறோம். 2024-இல் ஹோலியும் பங்குனி உத்திரமும் ஒட்டியே வந்தன. ஒரே நிலாவை அவர்கள் ஒரு பெயரிலும் நாம் ஒரு பெயரிலும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது நாற்பது வயதுக்கு மேல், பனியில், ஒரு ஆமணக்கைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் உறைத்தது. அதுவரை என் மனதில் ஹோலி என்றால் சௌகார்பேட்டை. நமக்கும் அதற்கும் என்ன என்பதுதான்.

ஆமணக்கு நட்ட நாளிலிருந்து சௌதால் என்கிற பக்வாப் பாட்டு தொடங்கிவிடும். ஒவ்வொரு வாரக்கடைசியும் ஒரு வீடு. வாசலில் பனி ஒட்டிய பூட்ஸ்கள் ஒரு குவியல், உள்ளே படியிறங்கினால் பேஸ்மென்ட்டில் விரிப்பு. பாடுகிறவர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்வார்கள். நடுவில் டோலக். மற்றவர்கள் கையில் ஜால், அதாவது நம் பஜனைத் தாளத்தின் பெரிய அண்ணன். ஒரு வரிசை ஒரு அடியைப் பாட, எதிர் வரிசை அதைத் திருப்பிப் பாடும். முதலில் மாட்டுவண்டி மாதிரி நிதானமாகப் போகும். நாலு சுற்று கழித்து டோலக்காரர் நிமிர்ந்து உட்கார்வார். அவ்வளவுதான், தாளம் இரட்டிப்பாகி, ஜால் காதைப் பிளந்து, பாடுகிறவர்கள் முழங்காலில் எழுந்து நின்று, ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் அறைகூவுகிறதுபோல் ஆகிவிடும். உச்சிக்குப் போய்ச் சட்டென்று மறுபடி நிதானம். கூரையில் குழாய்கள் அதிரும். அந்தச் சின்ன இடத்தில் முப்பது பேர், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர், உள்ளே எல்லோர் சட்டையும் வியர்வையில் நனைந்திருக்கும்.

என் பக்கத்தில் ஒரு பையன், விமான நிலையத்தில் வேலை, சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தான். கையில் ஸ்பைரல் நோட்டு. பாட்டெல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தான். பிரஜ் பாஷையும் அவதியும் கலந்த மொழி, கிருஷ்ணனும் அயோத்தியும் கணவன் ஊரில் இல்லாத பெண்ணின் ஏக்கமும்தான் பொருள். "இந்த அடிக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். "தெரியாதே. தாத்தா இப்படித்தான் பாடினார். இங்கே மூச்சு விடக் கூடாது, அது தெரியும்" என்று ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினான். பென்சிலால் அங்கே ஒரு கோடு போட்டிருந்தது.

எதிரெதிரே இரண்டு வரிசை உட்கார்ந்ததுமே எனக்கு மனம் ஊருக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் காமன் பண்டிகை உண்டு. மாசி அமாவாசை கழிந்ததும் காமன் மேடையில் கம்பம் நடுவார்கள். கரும்பு, பேக்கரும்பு, கொட்டமுத்துக் கொம்பு, இதையெல்லாம் சேர்த்து வைக்கோல் பிரி சுற்றி, வறட்டி கட்டி, அதுதான் மன்மதன். அடுத்த பௌர்ணமி வரைக்கும் இரவில் லாவணி. எரிந்த கட்சி ஒரு பக்கம், எரியாத கட்சி ஒரு பக்கம். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் மன்மதன் எரிந்தே போனான் என்று இவர் பாட, அவன் எங்கே எரிந்தான், எரிந்திருந்தால் உனக்கும் எனக்கும் பிள்ளைகுட்டி எப்படி வந்தது என்று அவர் மடக்குவார். டேப் அடிக்கிற கை தெரியாது, வேகம் அப்படி. எங்கள் பெரியப்பா எரியாத கட்சி. விடியும்வரை பாடிவிட்டு மறுநாள் தொண்டை கட்டி, பேச வேண்டியதைச் சைகையில் சொல்வார். பௌர்ணமி அன்று சிவன் வேஷம் கட்டியவர் வந்து கம்பத்துக்கு நெருப்பு வைப்பார். ரதி வேஷம் போட்ட பையன் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பான். அதில் நிஜமாகவே அழுகிற கிழவிகள் உண்டு.

கதை வேறுதான். அங்கே எரிவது மன்மதன், இங்கே எரிவது ஹோலிகா. பிரகலாதனை நமக்குத் தெரியும், தூண் தெரியும், நரசிம்மர் தெரியும். இரணியனின் தங்கை ஹோலிகாவை, அதாவது பிரகலாதனின் அத்தையை, நம் கதை சொல்லிகள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. நெருப்பு தன்னைச் சுடாது என்ற தைரியத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து தான் எரிந்துபோனவள். ஆனால் கொம்பு ஒன்று, பௌர்ணமி ஒன்று. ஏன் இரண்டு இடத்திலும் ஆமணக்கு என்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரு விடையும் இல்லை. ஆன்ட்டியிடம் இதைச் சொன்னபோது, "அப்போ உங்க ஊர்லயும் பக்வா இருக்கு, வண்ணம் போட மட்டும் மறந்துட்டீங்க" என்றார். என் மனைவிக்கு வேறு கணக்கு. பிப்ரவரி 14 அன்று மன்மதன் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போன ஒரே கணவன் நீதான், ஒரு பூவாவது வாங்கி வந்திருக்கலாம் என்றாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் ஆன்ட்டி வீட்டு அடுக்களையில் கோஜா செய்தார்கள். மாவைத் தேய்த்து, தேங்காய்ப்பூ, சர்க்கரை, இஞ்சி, திராட்சை கலந்த பூரணத்தை வைத்து, பாதி நிலாவாக மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்திப் பொரிப்பது. "இது சோமாசி" என்றேன். ஓரத்தை மடித்து மடித்துக் கிள்ளி முறுக்குவதை என் மனைவி செய்து காட்டினாள். ஆன்ட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை உற்றுப் பார்த்தார். "எங்க ஆஜி இப்படித்தான் செய்வா. நாங்கதான் சோம்பேறிகள், ஃபோர்க்குக்கு மாறிட்டோம்." ஆஜி என்றால் அப்பாவின் அம்மா.

மாவைப் பிசைகிறபோதுதான் அந்தக் கதையைச் சொன்னார். 1982-இல் கயானாவில் ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாம் அரசாங்கம் கோதுமை மாவு இறக்குமதிக்குத் தடை போட்டது. அந்நியச் செலாவணி இல்லை, உள்ளூர் அரிசி மாவைச் சாப்பிடுங்கள் என்றார்கள். பருப்பும் வரவில்லை. ரொட்டியும் பருப்புப் பூரியும் சாப்பிடுகிற, சாமிக்குக் கோதுமை மாவில் பிரசாதம் கிண்டுகிற ஜனங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! கொரண்டைன் ஆற்றைத் தாண்டினால் சுரினாம். அங்கிருந்து படகில் மாவு கடத்தி வருவார்களாம். வீட்டில் மாவு வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும். "அந்த வருஷம் பக்வாவுக்கு அம்மா அரிசி மாவுல கோஜா பண்ணினா. எண்ணெயில போட்டதும் எல்லாம் வாயைத் திறந்துடுச்சு. பூரணம் தனியா, மாவு தனியா. அழுதுட்டே பொரிச்சா. அடுத்த வருஷம் எங்கேயோ ஒரு ராத்தல் மாவு கிடைச்சது. என் தம்பி தொட்டில் மெத்தைக்கு அடியில ஒளிச்சு வெச்சா. போலீஸ் வந்தா குழந்தையைக் கிள்ளிவிடணும், அதுதான் என் வேலை." சொல்லிவிட்டுச் சிரித்தார். 1986-இல் அவர்கள் குடும்பம் நியூயார்க் வந்தது. இன்றும் அவர் அலமாரியில் பத்துக் கிலோவுக்குக் குறைந்து மாவு இருந்து நான் பார்த்ததில்லை. இந்தப் பகுதியில் இத்தனை கயானாக்காரர்கள் ஏன் என்று யாராவது கேட்டால், ஒரு பாதி பதில் அந்த அலமாரியில் இருக்கிறது.

அன்று இரவு கோயில் பின்கட்டில் ஹோலிகாவை எரித்தோம். முந்தின நாள் கொட்டித் தீர்த்த மழையில் தரையெல்லாம் ஈரம். நாங்கள் நட்ட ஆமணக்கு குளிரில் வாடி, வெறும் குச்சியாகத்தான் நின்றது. அதைச் சுற்றி விறகும் காய்ந்த தென்னமட்டையும் அடுக்கி, கற்பூரம் வைத்தும் ரொம்ப நேரம் புகைந்துகொண்டே இருந்தது. கடைசியில் பண்டிதரே நெய்யை ஊற்றினார். குப்பென்று பிடித்தது. டோலக் முழங்கியது. மறுநாள் காலையில் அந்தச் சாம்பலை எடுத்து எல்லோர் நெற்றியிலும் பூசினார்கள். எங்கள் ஊரிலும் பூசுவோம்.

வண்ணம் போடுவதில் கயானாக்காரர்களுக்கு ஒரு வரிசை உண்டு. காலையில் தண்ணீர். நியூயார்க் மார்ச்சில் அதற்குத் துணிச்சல் வேண்டும், சிறுவர்களுக்கு அது இருக்கிறது. அப்புறம் குளித்து, வெள்ளை உடுத்தி, அபீர் என்கிற சிவப்புச் சாயத் தண்ணீர். கடைசியில் பவுடரும் சென்ட்டும். பவுடர் என்றால் நிஜமாகவே டால்கம் பவுடர். கோயில் வாசலில் ஒரு பாட்டி டப்பாவைத் தட்டிக் கை நிறையக் கொட்டி, என் முகத்தில் கன்னம், கழுத்து, காது மடல் வரை அப்பினார். பள்ளிக்கூடம் போகும்போது அம்மா பூசிவிட்டது போலவே இருந்தது, கண்ணைக்கூட அதே மாதிரிதான் மூடிக்கொண்டேன்.

பண்டிகையை ஒட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் நடக்கும். முப்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. கோயில்களும் கடைக்காரர்களும் அலங்கார லாரிகளில் பாட்டுப் போட்டுக்கொண்டு லிபர்ட்டி அவென்யூவில் போவார்கள். முடிகிற பூங்காவுக்கு யாங்கீஸ் அணியின் பேஸ்பால் வீரர் ஃபில் ரிஸூட்டோ பெயர், ஊர்க்காரர்களுக்கு அது இன்னமும் ஸ்மோக்கி பார்க். நான் முதல்முறை போனபோது குளிருக்குப் பயந்து தடிமனான ஜாக்கெட்டுக்கு மேலே வெள்ளை ஜிப்பாவை மாட்டிக்கொண்டு போனேன். பஞ்சு மூட்டைக்கு உறை போட்ட மாதிரி இருந்தது. அது போதாதென்று கழுத்தில் மாமனார் வாங்கித் தந்த கம்பளி மஃப்ளர். ஐந்து நிமிஷத்தில் ஒரு சிறுமி ஊதாப் பொடியை வீச, பின்னாலேயே அவள் அண்ணன் பீச்சாங்குழாயால் சாயத் தண்ணீர் அடித்தான். மஃப்ளரை சலவைக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் விரலால் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வண்ணம் போகாது, வேண்டுமானால் முழுசாக இதே நிறத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றார். மாமனார் வீடியோவில் வரும்போதெல்லாம் நான் இப்போது வேறு மஃப்ளர் போட்டுக்கொள்கிறேன்.

ஊர்வலத்தில் கறுப்பினத்தவர், சீக்கியர், தெருவில் வேடிக்கை பார்க்க நின்ற ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் என்று எல்லோரும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். கயானாவில் பக்வா அரசு விடுமுறை, மதம் பார்க்காமல் விளையாடுவார்கள் என்று ஆன்ட்டி சொன்னார். அங்கே அரசியலில் இந்தியர், ஆப்பிரிக்கர் என்று பிரிந்து நிற்பது எத்தனை கசப்பானது என்பதையும் அவரே சொன்னார். ஒரு நாள் பவுடர் பூசிக்கொண்டால் அது தீர்ந்துவிடும் என்று அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

திரும்பி வரும்போது என் கையில் ஒரு டிஷ்யூ பேப்பரைத் திணித்தார். உள்ளே மூன்று கொட்டமுத்து. உண்ணி மாதிரி புள்ளியும் வரியுமாக, அதே பளபளப்பு. "மே மாசம் வேலியோரம் போடு. குழந்தைங்க வாயில வெச்சுடாம பாத்துக்கோ, விஷம்." போட்டேன். ஆகஸ்டில் வேலியைத் தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எந்த நர்சரியில் வாங்கினீர்கள், இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று கேட்டார். முதல் உறைபனிக்கு முன்னால், பிந்தி முளைத்த ஒரு கன்றைப் பெயர்த்து பக்கெட்டில் வைத்தேன். இப்போது பாய்லருக்குப் பக்கத்தில் இரண்டு பக்கெட்டுகள்.

போன மாதம் அப்பாவிடம் போனில், இந்த வருஷம் காமன் கம்பம் நடுவார்களா என்று கேட்டேன்.

"நடுவாங்க. கொட்டமுத்துக்குத்தான் அலையணும். வாய்க்கால்ல ரெண்டு பக்கமும் சிமென்ட் போட்டுட்டானுவ, ஒரு செடி இல்ல. போன வருஷம் பையனுவ பைக்க எடுத்துகிட்டு எங்கெங்கயோ போயி ஒடிச்சிட்டு வந்தானுவ. அங்க கெடைக்குதா?"

"கிடைக்குதுப்பா. பாய்லர் பக்கத்துல வெச்சு வளக்குறோம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"ஏண்டா," என்றார், "டீக்கடையிலயா?"